மாமனாரும் மரக்கறி ட்ராகனும்

"இந்த ஆறு திறன்ல எது ஆளை உயிரோட வெச்சிருக்கும், தம்பி?"

சண்முகரத்தினம் கேட்ட கேள்வியில் மார்வினுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வருங்கால மாமனார் வந்து உட்கார்ந்த சூடு ஆறவில்லை, அதற்குள் ஆட்டத்தின் ஆணிவேரையே பிடித்துவிட்டாரே!

"உடல் உறுதி, அங்கிள். எவ்வளவு அடி வாங்கினாலும் தாங்கும்."

"அப்ப அதுல ஆகக் கம்மியா போடு. எல்லாத்தையும் தூக்கி மூளையில போடு."

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மனிதர் வேறெதில் போடுவார் என்று மார்வின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் அவன் வீட்டு மேசையைச் சுற்றித்தான் இந்தப் பகடை ஆட்டம். நண்பர்கள் ரோனி, டோரிஸ், காதலி சிந்துஜா, இன்று அவள் அப்பாவும், ஆளுக்கொரு கற்பனை வீரன். பலம், வேகம், மூளை என்று ஆறு திறன்கள். மொத்தப் புள்ளிகள் எல்லோருக்கும் ஒன்றுதான், ஒன்றில் ஏற்றினால் மற்றதில் இறங்கும். கதை சொல்வதும், அட்டை மறைப்புக்குப் பின்னால் பூதங்களுக்காகப் பகடை உருட்டுவதும் மார்வின்.

"அப்பாவுக்குக் கேம் பிடிச்சா இன்னைக்கே கல்யாணப் பேச்சை எடுத்துடலாம்" என்று சிந்துஜா சொல்லியிருந்தாள். முதல் ஆட்டத்திலேயே மாமனாரைக் கொன்றுவிட்டு எந்த முகத்தோடு பெண் கேட்பது?

குகை வாசலில் ஒரு குட்டிப் பூதம் நின்றது.

"நான் முன்னால போறேன்" என்றார் சண்முகரத்தினம்.

"தனியாவா அங்கிள்? கவசம் போட்டுக்குங்க."

"வேணாம். வேர்க்கும்."

மார்வின் உருட்டினான். சரியான அடி! ஆள் காலி. அவன் சட்டென்று பகடையைக் கையால் மூடினான்.

"பூதத்துக்குக் கால் வழுக்கிடுச்சு!"

அங்கிள் முகத்தைத் தொங்கப்போட்டார். சண்டை போதவில்லை போலிருக்கிறது என்று மார்வின் பதறினான். உடனே வழியில் ஒரு மந்திர மாம்பழத்தை வைத்து, அவர் வாயில் ஊட்டாத குறையாக ஊட்டி, உடல் உறுதியை மளமளவென்று ஏற்றிவிட்டான்.

"இது என்ன நியாயம் லா?" என்று ரோனி குதித்தான். "நான் பலத்துக்காக மூளையைக் கொறைச்சு, ஒரு மரமண்டையோட போராடிட்டு இருக்கேன். எனக்கும் பழம் குடு!"

ரோனிக்குக் கொடுத்தான். டோரிஸ் விடுவாளா? அவளுக்கும் கொடுத்தான். சிந்துஜாவுக்கும் ஒன்று. இப்போது நால்வரும் மலையைப் பெயர்க்கும் பலசாலிகள். வந்த பூதமெல்லாம் தும்மினாலே விழுந்தது.

"போரடிக்குது மார்வின்" என்று டோரிஸ் கொட்டாவி விட்டாள். "பேலன்ஸே இல்ல."

பேலன்ஸ் இல்லையென்றால் அவனுக்கு ரோஷம் வந்துவிடும். கடைசிக்கு வைத்திருந்த ட்ராகனை அப்போதே இறக்கிவிட்டான்.

"ட்ராகனா!" சண்முகரத்தினம் முதல்முறையாக முகமெல்லாம் மலர எழுந்தார். "வாயைத் திறந்திருக்கா?"

"தி... திறந்திருக்கு அங்கிள்."

"நான் உள்ள போறேன்."

என்ன துணிச்சல்! மார்வினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உருட்டினான். இருபது முகப் பகடையில் இருபது. மாம்பழத் தோட்டமே தின்றிருந்தாலும் பிழைக்க முடியாத அடி.

"ட்ராகன்... கடிக்கல!"

"ஏன்?" என்று அங்கிளே கத்தினார்.

"தைப்பூச விரதம், அங்கிள். மரக்கறிதான் சாப்பிடும்."

"டேய், சீட்டிங் டா!" என்று ரோனி கதற, டோரிஸ் மேசையைத் தட்ட, சிந்துஜா முகத்தை மூடிக்கொண்டு குலுங்க, மார்வின் எதையும் காதில் வாங்கவில்லை. ட்ராகனைத் தூங்கவைத்தான். புதையலை அள்ளி மாமனாரின் மடியில் கொட்டினான்.

"அங்கிள், ஜெயிச்சிட்டீங்க! உங்க வீரனுக்கு ஒரு கீறல்கூட இல்ல. அடுத்த வாரமும் இவனையே வெச்சு விளையாடலாம்!"

சண்முகரத்தினம் நாற்காலியில் அப்படியே சரிந்தார். மார்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணப் பேச்சை எடுக்கச் சட்டையைச் சரிசெய்தான்.

அதுவரை சோபாவில் தேமே என்று உட்கார்ந்திருந்த அவர் மனைவி சந்திரகலா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஆட்டத்துல ஆள் செத்தா உடனே வீட்டுக்குப் போயிடலாம்னு மகள் சொன்னா தம்பி, அதை நம்பி மனுஷன் வந்ததுல இருந்து சாகத்தான் பாடுபடுறாரு, நீ விடவே மாட்டேங்குறியே!"