சல்லடை அங்கிள் காத்த அடுப்பு

எண்பதுகளின் நடுவில் நான் கலிஃபோர்னியாவின் மில்பிடாஸுக்குக் குடிவந்தபோது, அந்த ஊர்த் தமிழர் வீடு எதிலும் மாவு சலிக்கச் சல்லடை கிடையாது. அதற்கு முழுப் பொறுப்பும் ஒரே மனிதருடையது. பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் சல்லடை அங்கிள்.

கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, ஒரு தூசுகூட உள்ளே நுழையாமல் ஐந்து நாள் காவல் காப்பார். சனி, ஞாயிறில் அந்தத் தூசியோடு சமாதானம் பேசப் போய்விடுவார். ஓடைக்கரையில் ஒரு பழைய ஆப்ரிகாட் தோப்பு. அங்கே உள்ளூர்த் தொல்லியல் ஆர்வலர்கள் நாலைந்து பேரோடு குப்புறக் கிடந்து, டூத் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளுவார். அவர்களுடைய பெரிய சல்லடையில் சின்னத் துண்டுகள் தப்பிவிடுகின்றன என்று அவருக்குக் கவலை. ஆகவே எங்கள் வீட்டுச் சல்லடைகள்.

சரோஜா ஆன்ட்டியின் சல்லடை மட்டும் ஒருமுறை திரும்பி வந்தது. அன்றைக்கு அவர் வீட்டு உப்புமாவில் ஏதோ கடக்கென்று கடிபட, ஆன்ட்டியின் கணவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். விருந்துக்கு வந்திருந்த அங்கிள் அந்தப் பல்லைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை.

"சிப்பி சார். ரொம்பப் பழசு. முழுங்கிடாதீங்க" என்று உள்ளங்கையை நீட்டினார்.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்த முதல் குடிகள் சமைத்துச் சாப்பிட்ட இடம் அந்தத் தோப்பு. சிப்பியும் கரியும் கருகிய கற்களுமாக ஒரு மேடு. "யாரோ இருந்தாங்களாமே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அங்கிளுக்குக் கோபம் வந்துவிடும். "இருந்தாங்க இல்ல, இருக்காங்க. பக்கத்து ஊர்ல பேரன் பேத்தியோட இருக்காங்க" என்பார். அவர்களில் ஒரு அம்மாளைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டார்.

தோப்புக்காரரோ அங்கே கடைகள் கட்ட முடிவு செய்திருந்தார். அந்த மேடு கார் நிறுத்துமிடத்துக்குள் வந்தது. அங்கிள் போய்ப் போய்க் கெஞ்சியதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகவும், மனசுக்குப் பட்டால் அந்த மூலையை விட்டுவிடுவதாகவும் சொன்னார். அதற்கு முன் காட்டிய போட்டோக்களில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கறுத்த கல்தான்.

அங்கிள் ஒரு திட்டம் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொங்கலைத் தோப்பிலேயே வைத்துக்கொள்வது. கூட்டத்தைப் பார்த்தால் தோப்புக்காரர் யோசிப்பார் இல்லையா? தீ மூட்ட அனுமதி வாங்கினார். தண்ணீர், ஜமக்காளம், பேப்பர் தட்டு எல்லாம் கொண்டுவந்து வைத்தார். மேட்டில் தோண்டியிருந்த பள்ளத்தை மூடியிருந்த தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு, விருந்தாளியை அழைத்துவர வேட்டியோடு ரோட்டுக்குப் போனார். எங்கே பொங்கல் வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

சரோஜா ஆன்ட்டி பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். பெருக்கிவிட்ட தரை. நடுவில் அளவாக மூன்று கற்கள், கரியோடு.

"அங்கிள் எவ்ளோ நறுவிசா ரெடி பண்ணி வெச்சிருக்கார் பாரேன்."

பள்ளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி இறங்கிப் பானையை ஏற்றினார். நான்தான் விறகை எடுத்துக் கொடுத்தேன். அவர் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கிள் ஓடிவந்தார். பின்னால் தோப்புக்காரர். அங்கிள் பள்ளத்தில் குதித்து, பானையைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார்.

"சரோஜாம்மா, அந்த அடுப்புக்கு ஏற்கனவே ஆள் இருக்கு."

ஆன்ட்டி சுற்றிலும் பார்த்தார். "யாரையும் காணோமே. அவங்க வர்றதுக்குள்ள பொங்கிடும், விடுங்க."

என்ன சண்டை என்று, தமிழ் தெரியாத தோப்புக்காரர் என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் ஆன்ட்டியைக் காட்டினார். இது அடுப்பு என்று அந்த அம்மாவுக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, பார்த்தாலே தெரியும் என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான், இன்றைக்கு இன்ஜினியர், இதே மாதிரி மூன்று கல்லில் என் அம்மா பொங்கிப் போட்ட சோற்றில்தான் படித்தேன் என்றும் சொன்னேன். அவர் கேட்காததுதான். ஆனாலும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

மாதக்கணக்காக அங்கிள் விளக்கியபோது நின்றபடியே கேட்ட மனிதர், அன்றைக்குத்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கற்களைத் தொடவில்லை. பானை இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கயிற்றை இன்னும் நாலடி தள்ளிக் கட்டச் சொன்னார். கார்கள் திரும்ப இடம் வேண்டுமாம், அடுப்பில் இடித்துவிடக் கூடாதாம்.

பொங்கல் தோப்பின் மறுகோடியில், செங்கல் அடுக்கிப் பொங்கியது. அங்கிள் சாப்பிட வரவில்லை. பானை வைத்த தடத்தை டூத் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தார். தட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது அங்கே கடைகள் வந்துவிட்டன. கார் நிறுத்துமிடம் ஒரு மூலையில் மட்டும் காரணமில்லாமல் வளைந்து போகிறது. அங்கே வண்டியைத் திருப்புகிறவர்கள் எல்லோரும் திட்டுகிறார்கள். அங்கிள் அடுத்த ஓடைக்குப் போய்விட்டார். என் சல்லடையும் கூடவே போயிருக்கிறது. நான் கேட்கவில்லை. ரவையில் கல் இருந்தால் கையால் பொறுக்கிக்கொள்கிறேன்.