மடியில் கட்டிய மாமனார் உயிர்

மாமனார் காலில் தாராளமாக விழலாம். அவர் உயிரை மடியில் கட்டிக்கொண்டு மட்டும் விழக்கூடாது. மோட்டார் காரைப் பார்க்க ஊரே தெருவுக்கு ஓடிவந்த அந்தக் காலத்தில், கலியாணமான புதிதில், இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியவில்லை.

சேரன்மாதேவியில் இருந்த என் மாமனாருக்கு மார்வலி. கொஞ்சம் வேகமாக நடந்தாலே நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றியதுபோல் அப்படியே நின்றுவிடுவார். பாளையங்கோட்டை டாக்டர் அதற்கு ஒரு திராவக மருந்து கொடுத்திருந்தார். சின்னச் சின்னக் கண்ணாடிக் குமிழ்களில் அடைத்து, மேலே பஞ்சும் துணியும் சுற்றியிருக்கும். வலி வந்ததும் குமிழை நசுக்கி மோந்து பார்த்தால் இரத்தக் குழாய் விரிந்து வலி விட்டுவிடுமாம். வீட்டில் இருந்தது தீர்ந்துபோனதால், வாங்கி வரும் வேலை புது மாப்பிள்ளையான என் தலையில் விழுந்தது.

வாங்கிய குமிழ்களைப் பெட்டியில் வைத்தால் வண்டிக் குலுக்கலில் உடைந்துவிடும் என்று வேட்டி மடியில் சுருட்டிக் கட்டிக்கொண்டேன். (என்ன புத்தி பாருங்கள்!) மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது சரிதான். வயிற்றை எக்கிக்கொண்டு, மூச்சைக்கூடப் பைய விட்டுக்கொண்டு போனேன். ஆற்றோரமெல்லாம் பனி. மாட்டு மணிச்சத்தம் தூக்கத்தில் கேட்பதுபோல் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. ஒரு குமிழ்கூட உடையவில்லை.

மாமனார் வாசலிலேயே நின்றார். "வாரும்", "சாப்பிடும்" தவிர என்னிடம் வேறு பேசியறியாத மனிதர். அவரைக் கண்டதும் பழக்கதோஷம், நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டேன்.

மடியில் படபடவென்று சத்தம்.

அழுகிய பழம்போல ஒரு வாடை எழுந்தது. முகம் கொதித்தது. காதுக்குள் நெஞ்சு அடித்தது. பிறகு உலகமே மஞ்சள் பூசிக்கொண்டது. தரை மெல்ல நகர, தாமிரபரணி என்னைத் தூக்கிக்கொண்டு போவதாகத் தோன்றியது. ஆகா, என்ன சுகம்! யாரோ தண்ணீருக்கு அடியிலிருந்து பேசினார்கள்.

"என்னா மரியாதை! எந்திரிக்கவே மாட்டேங்காரே!" இது மாமியார்.

"எந்திரியும்வே," என்று மாமனார் என்னைத் தூக்கக் குனிந்தார். குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மருந்து... எங்கவே மருந்து?"

"மடியில ஒடஞ்சுட்டு, மாமா."

மாமியார் அலறினார். எனக்கு மயக்கம் பாதி தெளிந்து பயம் பிடித்தது. மனுசனைக் கொன்றுவிட்டேனே பாவி என்று அழுகையே வந்துவிட்டது. அப்போது, நாலு பேர் முன்னால் என்னைப் பார்க்கவே கூசும் என் மனைவி செண்பகம் ஓடிவந்து என்னை மல்லாக்கப் புரட்டினாள்.

"எப்பா, இவுக மடிய மோந்து பாருங்க!"

சொன்னதோடு நில்லாமல், அப்பாவின் தலையைப் பிடித்து என் வயிற்றில் அமுக்கிவிட்டாள். அவர் இழுத்து இழுத்து மோந்தார். கொஞ்ச நேரத்தில் முகம் செக்கச்செவேலென்று சிவந்தது. "அப்பாடா!" என்று என் வயிற்றிலேயே தலைசாய்த்துப் படுத்தார். எனக்கும் போன உயிர் வந்தது.

"மாப்ளே," என்றார் கண்ணை மூடியபடி, "உமக்கு எப்பிடி இருக்கு?"

"ஆத்துல மெதக்குத மாதிரி இருக்கு, மாமா."

"எனக்கும் அப்பிடித்தான் இருக்குவே. பேசாமப் படும்."

அப்படியே கிடந்தோம். எங்களுக்குள் நடந்த முதல் நீண்ட சம்பாஷணை அதுதான். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் வாசலிலிருந்தே, "விழாதீரும்வே! மொதல்ல மடிய அவுத்துக் காட்டும்!" என்று சத்தம் போட்டுச் சிரிப்பார்.

அவர் போய் வெகுகாலமாகிறது. இப்போது மார்வலி எனக்கு. மருந்து வாங்கி வருவது என் மருமகன். அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தால் போதும், அடுக்களையிலிருந்து செண்பகம் கத்துகிறாள்:

"விழுந்துராதீக, மாப்ளே! உங்க மாமாவுக்குக் குனிஞ்சு மோக்க முடியாது!"