ஹெல்மெட் மாட்டிய பேங்க் மேனேஜர்

இனி என் குடும்பத்தை எந்தத் திருடனாலும் ஏமாற்ற முடியாது என்று சபதம் செய்தேன். கோயில் மண்டபத்தில் நடந்த ஒன்லைன் மோசடி விழிப்புணர்வுக் கூட்டத்தில் அரை நாள் உட்கார்ந்து சான்றிதழும் வாங்கியிருந்தேன். தூங்கியவர்களுக்கும் அதே சான்றிதழ்தான். அது வேறு விஷயம்.

எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. தலவாக்கலையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருகிறேன். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்குவதற்காக, மனைவி நிஷாந்திக்குத் தெரியாமல் ஹட்டன் டவுனில் ஒரு பேங்க் கணக்குத் திறந்திருந்தேன். தெரிந்தால் அது வாஷிங் மெஷினாகிவிடும். எங்கள் மழையில் துணி காய்வதில்லை என்று அவள் புலம்பாத நாளில்லை.

வண்டி வருவதற்கு முன்பே ஹெல்மெட் வாங்கியாயிற்று. அதைப் பக்கத்து வீட்டுச் சுதாகரனிடம் ஒளித்து வைத்திருந்தேன். ஹட்டன் கார்டை ஹெல்மெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

கூட்டம் முடிந்து வந்ததும் நிஷாந்திக்கு வகுப்பெடுத்தேன்.

"யாரு போன்ல கேட்டாலும் பின் நம்பர், கணக்கு விவரம் எதையும் சொல்லக்கூடாது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க. இந்தத் தேங்காயத் துருவிக் குடுங்க."

இவளுக்கு எங்கே விளங்கியிருக்கும்? சோதித்துப் பார்த்துவிட நினைத்தேன். தேங்காயைத் துருவிக் கொடுத்துவிட்டு, சுதாகரன் வீட்டுப் பின்பக்கம் போனேன். அவன் போனில் புது சிம். அந்த நம்பர் அவளுக்குத் தெரியாது. குரலும் மாற வேண்டுமே! ஹெல்மெட்டை மாட்டி, போனை அதற்குள் செருகினேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மேடம், பேங்க் மேனேஜர் பேசுறேன். ஒங்க கார்டு புளொக் ஆயிருச்சு!"

அந்த நேரம் பார்த்து, பாண், பனிஸ் என்று ரொட்டி வகைகள் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குள் வந்தது. நான் சத்தத்தைக் கூட்டினேன்.

"பின் நம்பர் சொல்லுங்க மேடம்!"

"ஐயோ, சொல்றேங்க சார். ஆனா நீங்க நெசமாவே மேனேஜரான்னு எப்புடிங்க நம்புறது? எங்க வீட்டுக்காரரு பேருல எத்தன கணக்கு இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

இதுகூடத் தெரியாதா எனக்கு?

"ரெண்டு, மேடம்."

"ரெண்டுமே தலவாக்கலையாங்க?"

"ஒண்ணு ஹட்டன்."

"அதுல ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

"என்ன மேடம் இப்புடிக் கேட்டுட்டீங்க? ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குற அளவுக்கு இருக்கு!"

"அப்ப நீங்க மேனேஜருதாங்க. சரி சார், பாண் வண்டி ஒங்க முன்னாலதான நிக்குது? வரும்போது ரெண்டு மாலு பனிஸ் வாங்கிட்டு வாங்க. பாட்டு போன்லயும் கேக்குது, ஜன்னல்லயும் கேக்குது."

மீன் வைத்த அந்தப் பனிஸோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"அந்தச் சட்டியக் கழட்டுங்க மொதல்ல."

அப்போதுதான் ஹெல்மெட் இன்னும் தலையில் இருப்பது தெரிந்தது. கழற்றினேன். ஹட்டன் கார்டு அவள் காலடியில் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் கோபப்படவில்லை. கார்டை எடுத்துத் துடைத்தாள். பரிதாபமாகப் பார்த்தாள்.

"பயமா இருக்குங்க. இப்புடி எல்லாத்தையும் ஒளறுற ஆளு, பின் நம்பரயும் பொறந்த தேதியாத்தான் வச்சிருப்பீங்க. திருடன் ஒரே நிமிஷத்துல கண்டுபுடிச்சிருவான்."

சான்றிதழ் வாங்கியவனிடம் பேசுகிற பேச்சா இது?

"என்னய என்ன முட்டாளுன்னு நெனச்சியா? அது நம்ம கல்யாண தேதி!"

நிஷாந்தி வெட்கப்பட்டுச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு அன்பாக அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் மழையிலும் துணி காய்கிறது. ஹெல்மெட் மெஷின் மேல் இருக்கிறது. அதில்தான் சோப்புத்தூள் போட்டு வைத்திருக்கிறாள்.