பாய் கடையிலிருந்து திரும்பி வந்த மெயில்

முகத்தைக் காட்டினாலே வேலை நடந்துவிடும் என்று நம்புகிற ஆள் கம்ப்யூட்டர் பக்கம் போகக்கூடாது. நான் போனேன்.

ராயபுரத்தில் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி சப்ளை செய்துகொண்டிருந்தேன். (படிப்பு கிடையாது. கையெழுத்துப் போடுவேன், அதுவும் தினம் ஒரு மாதிரி இருக்கும்.) ஊரே மிஸ்டு கால் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த காலம். எவனோ எங்கள் கம்பெனி மெயில் முகவரியைப் போட்டு, கப்பல் ஏஜெண்டுகளுக்குக் கண்டபடி விலை அனுப்பிக்கொண்டிருந்தான். "இத நிறுத்தலைன்னா உங்க மெயிலையே பார்க்கமாட்டோம்" என்றார் பெரிய ஏஜெண்ட். அவர் போனால் பாதிப் பிழைப்பு போச்சு.

ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் செல்வி வழி சொன்னாள்.

"நைனா, நம்ம பேர்ல மெயில் அனுப்ப எந்த மிஷினுக்கு உரிமை கீதுன்னு இன்டர்நெட்ல எல்லாருக்கும் தெரியுற மாரி எழுதி வெச்சிடலாம். வேற எங்கேர்ந்து வந்தாலும் வாங்குறவங்க திருப்பிடுவாங்க."

"ஹார்பர் கேட்டுல பாஸ் இல்லாதவன திருப்புற மாரி?"

"அதே மாரிதான். ஆபீஸ தவிர வேற எங்கேர்ந்தாச்சும் அனுப்புறோமா?"

"நாம ரெண்டு பேர்தான்மா அனுப்புறோம். வேற எவன் வந்தாலும் தொரத்திடு."

அப்படியே செய்துவிட்டாள்.

(ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. தண்டையார்பேட்டையில் கரீம் பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எனக்கு டைப் அடிக்க வராது. செல்வி இல்லாத நேரம் அங்கே போய் நான் சொல்லச் சொல்ல பாய் அடித்து அனுப்புவார். அங்கே கிடைக்கும் இஞ்சி டீ இருக்கிறதே... சரி, அது கிடக்கட்டும். சொல்கிறவன் நான் என்றால் அனுப்புகிறவனும் நான்தானே?)

அடுத்த வாரம் அந்த ஏஜெண்ட் கூப்பிட்டார். மறுநாள் கப்பல் வருகிறதாம். மதியத்துக்குள் விலை மெயிலில் வரவேண்டுமாம், போனில் சொன்னால் செல்லாதாம். செல்வி பேங்குக்குப் போயிருந்தாள். பாயிடம் ஓடினேன். அனுப்பினோம், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம், மறுபடி வந்தது.

பாய் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணாத்த, உங்க பேர்ல அனுப்ப இந்த எடத்துக்கு உரிமை இல்லன்னு போட்டுக்கீது. இத்தினி வருச தோஸ்து, நேரா சொல்லியிருக்கலாமே."

"பாய், நான் பக்கத்துலயே குந்திக்கினு கீறேன்னு எழுது. அவருக்கு என்னிய நல்லா தெரியும்."

அதையும் அடித்தார். அதுவும் திரும்பி வந்தது.

செல்வி வந்து ஆபீஸிலிருந்து அனுப்பும்போது மதியம் தாண்டிவிட்டது. கப்பல் வேறு யாருடைய முட்டைக்கோஸையோ சாப்பிட்டுவிட்டுப் போனது. ஏஜெண்ட் மட்டும் போனில் பாராட்டினார்: "இப்போ உங்க பேர்ல ஒருத்தனும் மெயில் அனுப்ப முடியல சார்."

இன்றைக்கும் நான் வீட்டுக் கதவைத் தட்டினால் என் சம்சாரம் உள்ளேயிருந்து கேட்பாள்: "எங்கேர்ந்து வர்ற?"

"பாய் கடையிலேர்ந்துமே."

"அப்ப திரும்பிப் போய்யா."