மெனினுக்கு வாங்கிய கனமான போர்வை

இந்தக் குளிர்காலத்தில் வீட்டில் ஒரே ஒரு முடிவாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அக்டோபர் கடைசியில் தீர்மானித்தேன். பேராசை ஒன்றும் இல்லை. சுவருக்கு என்ன வண்ணம், சூப்பில் எவ்வளவு உப்பு, ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்குப் போவது, எல்லாவற்றையும் என் மனைவி ஹெலெத் பார்த்துக்கொள்ளட்டும். மெனின் போர்வை போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

மெனின் எங்கள் குதிரை. எங்கள் வேல்ஸ் மொழியில் மெனின் என்றால் வெண்ணெய். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். ஹெலெத்துக்கு என்னைத் தெரிவதற்கு முன்பே மெனினைத் தெரியும். நான் கல்யாணத்துக்குக் கேட்டபோது, "முதல்ல மெனினைப் பார்த்துட்டு வா" என்றுதான் பதில் வந்தது. மெனின் என் தொப்பியின் ஓரத்தைக் கொஞ்சம் தின்று பார்த்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பிறகு வேலை எங்களை லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டது. பக்கத்துப் பண்ணை ட்ரெவோர்தான் மெனினைப் பார்த்துக்கொண்டார். இந்த வசந்தத்தில் ஊருக்கே திரும்பி வந்து அவள் விலாவில் கை வைத்தால், எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.  கோடை முழுக்க ஹெலெத் ஊறவைத்த தீவனம் கொடுத்து அவளைத் தேற்றினாள். உடம்பு தேறியது. செப்டம்பர் புயலில் லாயத்தின் கூரை பறந்தது. கூரை வேய்கிறவர் அடுத்த வசந்தத்தில்தான் வருவாராம்.

ஆக, குளிர்காலம் முழுக்க மெனினுக்கு வெட்டவெளி மேடுதான். குளிரைத் தாண்டுவாளா என்பதுதான் கேள்வி. அதை நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் போர்வையைப் பற்றிச் சண்டை போட்டோம்.

"லேசானது ஒண்ணு போதும்" என்றாள் ஹெலெத். "மழை உள்ள போகக்கூடாது. அவ்வளவுதான்."

"மலைக்குதிரைக்குப் போர்வையா? அவதான் உடம்புலயே ஒண்ணு வளர்த்து வெச்சிருக்காளே. குளிர்ல முடி சிலிர்த்து நிக்கும். நடுவுல காத்து தங்கிச் சூட்டைப் பிடிச்சுக்கும். நான் படிச்சிருக்கேன்."

"மெனின் படிச்சிருக்காளா?"

"இது இயற்கைம்மா."

"உன் இயற்கைக்கு முப்பது வயசு ஆகப்போகுது. மழையில ஊறினா அந்த முடி சிலிர்க்காது, ஒட்டிக்கும்."

"அப்ப நல்ல கனமா ஒண்ணு வாங்கு. போடறதுன்னு ஆச்சு, அரைகுறையா எதுக்கு?"

"கனமா போட்டா வேர்க்கும். வேர்வை ஆறினா குளிர் உள்ள ஏறிடும். போர்வைக்குள்ள, பிடரிக்குக் கீழ கைய விட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும். பிசுபிசுன்னு இருந்தா அதிகம். சில்லுன்னு இருந்தா கம்மி."

"காதைத் தொட்டா தெரியாதா?"

"உன் காதைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். பனிக்கட்டி. அடுப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான். போர்வை வேண்டாம் என்றேன்.

 "சரிப்பா. உன் இஷ்டம்" என்றாள் ஹெலெத்.

இத்தனை வருடத்தில் அவள் வாயில் வராத சொல். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நவம்பரில் ஒரு மத்தியானம். மழையா பனியா என்று அதற்கே தெரியாத ஒன்று பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. நான் தீவன வாளியோடு மேட்டுக்குப் போனேன். மெனின் கல்சுவருக்குப் பின்புறத்தைக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். நடுங்கினாள். முடி சிலிர்க்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வாளியைக்கூட விட்டுவிட்டு, மூக்கை என் கோட்டுக்குள் நுழைத்தாள்.

என் தீர்மானம் அங்கேயே கரைந்தது. அன்றே டவுனுக்குக் காரை விட்டேன். தோற்பது என்று ஆனபின் பெரிதாகத் தோற்போமே. கடையில் இருந்ததிலேயே கனமானதை எடுத்தேன். கருநீலம். கழுத்து வரை மூடும். வயிற்றுக்குக் கீழே மாட்டுகிற பட்டையில் இரும்பு வளையம். உள்ளே இருக்கிற பஞ்சுக்கு எங்கள் தெருவுக்கே மெத்தை தைக்கலாம்.

ஆனால் ஹெலெத்திடம் எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே திட்டம் போட்டேன். சாயங்காலம் தீவனம் வைக்கிற சாக்கில் போர்த்துவது. காலையில் அவள் ஜன்னல் திரையை விலக்குவதற்குள் கழற்றுவது. பகலில் போர்வைக்கு இடம், கூரையில்லாத லாயத்தின் தீவனப் பெட்டி. "என் முடிவு, அதனால என் பொறுப்பு. இனிமே நான்தான் மேல போவேன்" என்று அறிவித்தேன். ஹெலெத் மறுக்கவில்லை.

முதல் இரண்டு நாள், அந்தப் போர்வையைத் தூக்கிப் போடுவதற்குள் இடுப்பு கழன்றது. அப்புறம் ஓர் அதிசயம். நாலாம் நாளே அது லேசாகிவிட்டது. உதறி ஒரு கையால் போட்டேன். வேலி ஓரமாக வந்த ட்ரெவோரிடம் கையை மடக்கிக் காட்டினேன்.

"மலைக்காத்து, ட்ரெவோர். தோள் எப்படி ஏறியிருக்கு பாருங்க."

ட்ரெவோர் என் தோளைப் பார்த்தார். பிறகு போர்வையைப் பார்த்தார். "ஆமாமா" என்று சொல்லிவிட்டு ஆட்டைத் தேடிக்கொண்டு போனார். அங்கே ஆடே இல்லை.

வீட்டில் நான் ராஜா. காலைச் சாப்பாட்டில் ஹெலெத் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "உன் பேச்சுதான்பா ஜெயிச்சுது. போர்வையே இல்லாம எப்படித் தெம்பா இருக்கா பாரு" என்பாள். பின்னால் வந்து நின்று, என் சட்டைக் காலருக்குள் கையை விட்டு, கழுத்தடியில் கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். லண்டனில் இந்த அன்புக்கெல்லாம் நேரம் கிடைத்ததில்லை. தினமும் நடந்தது. நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

படுக்கைக்குப் புதிதாக ஒரு மெத்தைப் போர்வை வேறு. எனக்கு மட்டும். "நீதான் குளிர் தாங்கமாட்டே" என்றாள். புரண்டால் சரசரவென்றது.

"புதுசு. அப்படித்தான் இருக்கும்."

"குதிரை வாடை வருதே."

"உன் மேலேருந்துதான் வருது."

நியாயம்தான். நாளெல்லாம் குதிரையோடு இருக்கிறவன்.

பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல். காலையில் எழ முடியவில்லை. திரை இடுக்கில் பளீரென்று வெயில். அந்த வருடத்தின் முதல் வெயில்.  மேட்டில் மெனின், அந்தக் கனமான போர்வைக்குள். வேர்க்கும். மத்தியானக் காற்றில் வேர்வை ஆறும். குளிர்காலத்தைத் தாண்டிவிட்டாள் என்று நினைத்த நேரத்தில், என் வீராப்பினால் அவள் போய்விட்டால்?

"ஹெலெத்."

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள்.

"உடனே மேட்டுக்குப் போ. மெனின் மேல போர்வை இருக்கு. நான்தான் போட்டேன். நவம்பர்லேருந்து தினமும் போடறேன். கடையிலேயே கனமானது. போய்க் கழட்டு. திட்டறதை வந்து திட்டு."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றினாள். "அவளுக்கு வேர்க்காது. மேல இருக்கறது லேசானது."

"இல்லை, கனமானது."

"ரெண்டாம் நாளே நான் போய்ப் பார்த்தேன். பிடரிக்குக் கீழ நனைஞ்சு கிடந்தா. அதே கருநீலத்துல லேசானதை வாங்கி மாத்தி வெச்சுட்டேன்."

நான் என் தோளைப் பார்த்தேன்.

"நல்ல தோள்தான்" என்றாள் ஹெலெத்.

"ட்ரெவோருக்குத் தெரியுமா?"

"வாங்கிட்டு வந்ததே அவர்தான்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அந்த மழையில தினமும் ரெண்டு தரம் அவளுக்காக ஏறி இறங்கினே. ஒளிஞ்சு ஒளிஞ்சு. என்னைவிட அதிகமா அவளைப் பார்த்துகிட்டே. அதைக் கெடுக்க மனசு வரலைப்பா."

 காய்ச்சல் என்ற சாக்கில் இருமினேன்.

"அப்ப அந்தக் கனமானது எங்கே?"

"குதிரை முடி ஒட்டினதைக் கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. அத்தனை பஞ்சை வீணாக்க முடியுமா?"

காலை நீட்டினேன். போர்வை சரசரத்தது. பாதத்தில் ஏதோ இரும்பு வளையம் சில்லென்று பட்டது. நான் நிமிர்வதற்குள் ஹெலெத் வழக்கம்போல என் காலருக்குள் கையை விட்டு, கழுத்தடியில் வைத்து, யோசித்தாள்.

"பிசுபிசுங்குது" என்றாள். "உனக்கும் லேசானதே போதும்."