ஓடைத் தண்ணீரின் வாக்குமூலம்

மம்சாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சினன் முத்துக்குமரனுக்கு அத்தான் ஐயாதுரை எழுதிக்கொள்வது. ஆண்டாள் புண்ணியத்தில் இங்கே அனைவரும் நலம். நலம் என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனி. யாராவது உன்னிடம் மாற்றிச் சொன்னால் நம்பாதே. திருப்பூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் மகள் நாகஜோதி காதில் விழும். தவிர, நாம் பேசுவதை எவனெவன் ஒட்டுக் கேட்கிறானோ, யார் கண்டது?

விஷயத்துக்கு வருகிறேன். நம் நாகஜோதிக்கு நீ கொண்டுவந்தாயே ராஜபாளையம் சம்பந்தம், அதில் எனக்குப் பலத்த சந்தேகம். பேண்டேஜ் துணி ஃபேக்டரி வைத்திருக்கும் காளிராஜ், அவர் மகன் கௌதம்ராஜ், எல்லாம் நல்ல குடும்பம் என்று நீதான் சத்தியம் செய்தாய். அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போன மறுவாரமே நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்கு ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் ஹெப்சிபா. மதுரையில் ஏதோ கல்லூரியில் ஆராய்ச்சியாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஓடையில் கிடக்கும் கல்லை எல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியை வலையில் வழித்து பாட்டிலில் போடுகிறாள். போகட்டும், பூச்சி பிடிக்கிறவள் பூச்சியோடு நிற்க வேண்டியதுதானே? நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போய், நம் ஊரில் யார் யாருக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை என்ற பதிவேட்டைக் கேட்டிருக்கிறாள். அதோடு அவள் அறை எடுத்துத் தங்கியிருப்பது எங்கே தெரியுமா? ராஜபாளையத்தில், காளிராஜ் வீட்டுக்கு அடுத்த தெருவில். முப்பது வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவனுக்கு இதற்கு மேல் சாட்சியம் வேண்டுமா?

சம்பந்தம் பேசினால் விசாரிப்பது வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நானே காளிராஜ் வீட்டு முனையில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து, வேண்டாத வடையை எல்லாம் தின்று, பையன் எப்படி, குடிப்பானா என்று விசாரித்துவிட்டு வந்தவன்தான். சவரக் கடை, பால்காரர், இஸ்திரி போடுகிறவர் என்று விசாரிக்க எத்தனையோ கௌரவமான வழிகள் இருக்கின்றன. விஞ்ஞானத்தை ஏவிவிடுவது எந்த ஊர் வழக்கம்?

எனக்குச் சுகர் இருப்பது உனக்கும் உன் அக்கா பரிபூரணத்துக்கும் மட்டும்தான் தெரியும். நாகஜோதிக்குக்கூடத் தெரியாது. அப்பனுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று எவனாவது கிளப்பிவிட்டால் அவள் வாழ்க்கை என்ன ஆகும்? அதனால்தான் உள்ளூர் சுகாதார நிலையத்தை எட்டிப் பார்க்காமல், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ராஜபாளையம் போய் மாத்திரை வாங்கி வருகிறேன். பெண் பார்க்க வந்த அன்று நாகஜோதி, ஸ்ரீவில்லிபுத்தூரை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடையில் வாங்க வேண்டாம் என்று தானே பால்கோவா கிண்டினாள். காளிராஜ் கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். நான் தின்றால்தான் தின்பேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. சோதிக்கிறார் என்று புரிந்தது. குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு முழுசையும் விழுங்கினேன். பயத்தில் நாக்கு மரத்து, இனிப்பே தெரியவில்லை.

அந்த ஹெப்சிபாவை நான் சும்மா விடவில்லை. ஓடைக்கரையிலேயே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தேன். அவள் பதற்றமே இல்லாமல், “பேரெல்லாம் எடுக்க மாட்டோம் ஐயா. வயசு, நோவு, மாத்திரை, அம்புட்டுதான்” என்றாள். பேர் வேண்டாதவளுக்கு ஊரார் நோய் எதற்கு? அதற்கும் பதில் வைத்திருந்தாள். நாம் விழுங்கும் மாத்திரை முழுக்க உடம்பில் தங்காதாம். சிறுநீரில் இறங்கி, சாக்கடை வழியாக ஓடைக்கு வந்துவிடுமாம். அது பூச்சிகளை என்ன செய்கிறது என்று பார்க்கிறாளாம். அப்புறம் ஒன்று சொன்னாள். “பதிவேட்டுல இந்தப் பக்கம் சுகர் மாத்திரை சாப்பிடுறவங்க கம்மி ஐயா. ஆனா தண்ணி அதிகம்னு சொல்லுது. யாரோ வெளியூர்ல வாங்கிச் சாப்பிடுதாங்க.”

ஓடையே சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டது, முத்துக்குமரா. மனுஷன் வாயை அடைக்கலாம், தண்ணீர் வாயை எப்படி அடைப்பது? சாட்சியைக் கலைக்க எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. மாத்திரையை நிறுத்தினேன். ஓடை தெளிந்ததோ இல்லையோ, எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை, அவள் என்னதான் செய்கிறாள் என்று ஒளிந்திருந்து பார்க்கப் போனவன், தலை சுற்றி, அவள் காலடியிலேயே ஓடையில் விழுந்தேன். தூக்கி உட்கார வைத்து முகம் துடைத்துவிட்டு, “மாத்திரை போட்டீங்களா ஐயா?” என்று கேட்டாள். எந்த மாத்திரை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெயரைக்கூடக் கேட்காமல் போய்விட்டாள். கேட்கவில்லை என்றால் ஏற்கெனவே தெரியும் என்றுதானே அர்த்தம்?

உன் அக்கா என்னைத் திட்டிய திட்டைக் கடிதத்தில் எழுத முடியாது. எனக்கு அது பெரிதில்லை. நாகஜோதி ரெண்டு வாரமாகப் பாட்டு முனகிக்கொண்டே வீட்டு வேலை செய்கிறாள். என் வியாதியால் அந்தப் பாட்டு நின்றுவிடுமோ என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. அவர்களாகக் கண்டுபிடித்து வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் நாமாக விலகிவிடுவோம். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லி நீயே பக்குவமாக முடித்துவிடு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல கணையத்தோடும் வளர என் ஆசிகள்.

உன் அத்தான்,
ஐயாதுரை

பி.கு.: மேலே எழுதிய எதையும் யாரிடமும் சொல்லிவிடாதே. திங்கட்கிழமை தபாலில் சேர்க்கப் போனவன், ராஜபாளையம் இப்போது எதிரி எல்லை என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூரில் சந்துக்குள் இருக்கும் ஒரு சின்ன கிளினிக்குக்குள் துண்டும் தலையுமாக நுழைந்தேன். உள்ளே ஒருவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பேப்பர் சரிந்தது. காளிராஜ். உள்ளூரில் காட்டினால் தெரிந்துவிடும் என்று அவர் இங்கே வருகிறாராம். சுகர் மாத்திரையை நிறுத்தி அவரும் ஃபேக்டரியில் விழுந்திருக்கிறார். அவர் பக்கத்து ஓடையிலும் அந்தப் பெண் கல்லைப் புரட்டியிருக்கிறாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளைய நீங்கதான அனுப்புனீக?” என்றார். அப்புறம் ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள். தை மாதம் கல்யாணம் என்று பெஞ்சிலேயே பேசி முடித்தோம். பிள்ளைகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றார். நானும் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்தால் நாகஜோதி தண்ணீர் கொடுத்துவிட்டு, “ராஜபாளையத்து மாமாவும் நீங்களும் ஒரே டாக்டரையே பாருங்கப்பா. அன்னைக்குப் பால்கோவால நான் சீனியே போடலை. அவுக அப்பாவுக்கும் ஆகாதுன்னு அவுக முன்னாடியே சொல்லிட்டாக” என்கிறாள்.

முன்னாடியே என்றால் எவ்வளவு முன்னாடி? பெண் பார்க்க வந்த அன்றுதானே இவளும் கௌதம்ராஜும் ஒருவரை ஒருவர் முதன்முதலில் பார்த்தார்கள்? முத்துக்குமரா, இந்தச் சம்பந்தத்தை நீயாகத்தான் தேடிப் பிடித்தாயா, இல்லை உன் மருமகள் சொல்லிக் கொடுத்துக் கொண்டுவந்தாயா? உண்மையை எழுதி உடனே தபாலில் போடு.