கூறையின் மற்ற மூலை

துணியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வரியை ஒப்புக்கொள்ள எனக்கு இருபத்துநான்கு வருடங்களும், பதினொரு பெண்களும், மருதானையில் வாங்கிய ஒரு சூட்டுத் துவக்கும் தேவைப்பட்டன.

சூட்டுத் துவக்கு என்றதும் துப்பாக்கி என்று பயப்பட வேண்டாம். தலைமயிர் உலர்த்துகிற கருவியின் கோபக்கார அண்ணன், அவ்வளவுதான். பழைய கதவுகளில் பெயின்ற் உரிக்கப் பாவிப்பது. (அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அதன் தமிழ்ப் பெயரைச் சத்தமாகச் சொல்லக்கூடாது என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) கடைக்காரர் சிங்களத்தில், "மொகடத மாத்தயா, பெயின்ட் கலவன்னத?" என்று கேட்டார். எதற்கு, பெயின்ற் உரிக்கவா என்று. "நே, சாரிவலட்ட" என்றேன். இல்லை, சேலைகளுக்கு. கொடுத்ததைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

நான் பகலில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கடிதம் எழுதுகிறவன். மற்ற நேரங்களில் வசனகவிதை எழுதுகிறவன். இரண்டையும் யாரும் முழுதாக வாசிப்பதில்லை. என் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. புல்லாங்குழல், மீன்தொட்டி, குட்டி மரம் வளர்ப்பு, ஆறு மாதம் யப்பான் மொழி என்று வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீடு பலதைப் பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் என் மனைவி வதனி ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"சரி, இது எவ்வளவு காலத்துக்கு?"

கடைசியாக வந்து சேர்ந்தது இந்தத் துணிக் கலை. பொலியஸ்டர் மாதிரிச் செயற்கைத் துணியில் நிறம் பூசி, மேலே சூடு காட்டினால் அது சுருங்கும், கொப்பளிக்கும், ஓட்டை விழும். காய்ந்த ஆற்றுப்படுகைபோல, பாசி பிடித்த சுவர்போல ஒரு தோல் வரும். பிறகு ஊசி எடுத்து அந்தக் காயங்களைச் சுற்றித் தைக்க வேண்டும். வீடியோ பார்த்துப் பார்த்துப் பல்கனியிலேயே பழகினேன். மழைக்கு முந்திய வெள்ளவத்தைக் கடலை ஒரு முழத் துணியில் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வதனியிடம் நீட்டினேன்.

அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மேல சட்டி வைக்கலாமோ?"

அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பரிசு வேண்டாம், பத்திரிகையில் படம் வேண்டாம். வதனி ஒரு தரம், ஒரே ஒரு தரம், "நல்லாயிருக்கு" என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வகுப்பே தொடங்கினேன். பத்துப் பேர் என்னை வாயைப் பிளந்து பார்க்கும்போது பதினோராவது ஆளாக அவளும் பார்ப்பாள் என்பது என் கணக்கு.

கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், ரியூசன் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் மேல்மாடி கிடைத்தது. ரயில் போகும்போதெல்லாம் யன்னல்கள் பல்லைக் கடிக்கும். பெயர் தந்த பத்துப் பேரும் பழைய பொலியஸ்டர் சேலை ஒன்று கொண்டுவர வேண்டும் என்று செய்தி அனுப்பினேன். வதனியிடம் மட்டும் வேறொன்று கேட்டேன்.

"உம்மட கலியாணக் கூறையைக் கொண்டுவாரும்."

"கூறையையோ? எரிக்கவோ?"

"சீச்சீ. காட்சிக்கு. உருகிற துணி எது, உருகாத பட்டு எது எண்டு சனத்துக்கு வித்தியாசம் தெரியவேணும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லவில்லை. (அந்த மௌனத்தை நான் பெருமிதம் என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். என் மொழிபெயர்ப்புகள் பொதுவாக இப்படித்தான்.)

இங்கே கூறையின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. வழமையாகப் பெண்கள் போய் எடுப்பார்கள். மாப்பிள்ளை தன் வீட்டிலேயே இருந்துகொண்டு தலைமயிர் வெட்டுவதைப் பற்றி யோசிப்பான். நானோ கவிஞன். காலி வீதித் துணிக்கடைக்கு அக்காவின் பின்னால் போனேன். அக்கா தெரிவு செய்து வைத்திருந்த மூன்று சேலைகளையும் ஒதுக்கினேன். நாலாவது ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, கன்னத்தில் வைத்துத் தேய்த்தேன். கடையில் நின்ற முழுப்பேரும் பார்த்தார்கள்.

"இதுதான் பட்டு. இது கதைக்குது" என்றேன்.

"தம்பி, இது வழுக்குதடா" என்றாள் அக்கா.

"அது அசலின்ர குணம்."

கடைக்காரர் உடனே தலையாட்டினார். அவ்வளவு வேகமாகத் தலையாட்டியதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். கலியாணம் முடிந்த கையோடு அந்தச் சேலையைப் பற்றி 'ஆயிரம் புழுக்களின் மௌனம்' என்றொரு வசனகவிதை எழுதினேன். ஒரு பெண்ணின் அழகுக்காக உயிர் கொடுத்த பட்டுப் புழுக்களுக்கு அதில் நான் அழுது அஞ்சலி செய்திருந்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. அதை பிரேம் போட்டு முன்னறையில் மாட்டினேன். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரையும் அதற்கு முன்னால் நிறுத்தி, "எனக்குத் துணி தெரியும்" என்று சொல்லுவேன். இருபத்துநான்கு வருடங்கள் சொன்னேன்.

இனி வகுப்பு.

வெண்பலகையில் பெரிதாக மூன்று சொற்கள் எழுதினேன். சூடு. நிறம். தையல். (சில நேரம் சூடு முதலில், சில நேரம் நிறம் முதலில் என்று விளக்கமும் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை.) முன்மேசையில் கூறை, குங்குமச் சிவப்பில், ராணிபோல. அரை மணித்தியாலம் எல்லாம் நன்றாகவே போனது. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த மேரி அக்கா, தேவாலயப் பீடத்துக்கு விரிப்புத் தைக்கிறவர், தன் பழைய ஊதாச் சேலை என் துவக்கின் முன்னால் கொப்பளிப்பதைப் பார்த்து "யேசுவே" என்றார். நான் கடைக்கண்ணால் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். வதனி தன் கைப்பையின் சிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கெமிஸ்ட்ரி ரீச்சர் கையை உயர்த்தினார். ஓய்வுபெற்றவர். கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரர். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட பழக்கம்.

"தம்பி, பட்டு உருகாது எண்டு சொல்லுறீர். சொன்னாப் போதுமே? செய்து காட்டும்."

ஆசிரியனுக்கு இதைவிட நல்ல அழைப்பு கிடைக்குமா? கூறையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை இழுத்தேன். "பட்டெண்டால் தலைமயிர் பொசுங்கிற மணம் வரும். சாம்பல் விரலிலை பொடியும். பாருங்கோ" என்று சொல்லி நெருப்புக்குச்சியைக் கிழித்தேன்.

நூல் சுருண்டது. நுனியில் ஒரு கறுப்பு மணி உருண்டது. விரலால் நசுக்கினேன். பொடியவில்லை. கல்.

மேரி அக்கா மூக்கை உறிஞ்சினார். "தம்பி, இது பிளாஸ்டிக் வாளி உருகிற வாசம் தானே?"

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். கெமிஸ்ட்ரி ரீச்சருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"குஞ்சம் கடைக்காரர் பிறகு கட்டுறது. அது கணக்கில்லை" என்றார்.

கடவுள் சில வேளைகளில் கெமிஸ்ட்ரி ரீச்சரின் உருவில் வந்து கதவைத் திறந்து விடுவார். "ஓம், அதுதான்" என்று சொல்லிவிட்டு அந்தக் கதவால் வெளியே போயிருக்கலாம். நான் யன்னலால் குதித்தேன்.

"அப்ப சேலையிலேயே பாப்பம்!" என்று முந்தானையின் ஒரு மூலையை இழுத்துப் பிடித்து, துவக்கைக் கையில் எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, வேண்டாம்." மூன்றாம் வரிசையிலிருந்து வதனி.

"பயப்பிடாதையும். பட்டுக்கு இது ஒண்டும் செய்யாது."

"சொன்னாக் கேளுங்கோ. அந்த மூலையில வேண்டாம்."

"சரி, மற்ற மூலையில."

தாலி கட்டிய நாளின் ஞாபகம், பாவம், என்று நினைத்தேன். முந்தானையின் மற்ற மூலையைத் தூக்கிப் பிடித்து விசையை அழுத்தினேன். முதல் நொடியில் ஒன்றும் நடக்கவில்லை. வெற்றியோடு சபையைப் பார்த்தேன். கீழே மருதானைப் பக்கம் போகும் ரயில் கடந்தது, யன்னல்கள் நடுங்கின. அது ஓய்ந்தபோது என் விரல்களுக்கிடையில் கூறை தூங்கும் குழந்தையின் கைபோல மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. பிறகு நடுவில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையூடாகக் கெமிஸ்ட்ரி ரீச்சரின் முகம் தெரிந்தது.

"நூற்றுக்கு நூறு பொலியஸ்டர்" என்றார் அவர். "பரிசோதனை வெற்றி."

அந்த நேரத்தில் மனிதனுக்கு என்னென்ன ஞாபகம் வருகிறது பாருங்கள். எனக்கு ஓமகுண்டம் ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு முழத் தூரத்தில் இந்தச் சேலையில்தான் வதனி உட்கார்ந்திருந்தாள். ஐயர் இன்னும் இரண்டு கரண்டி நெய் வார்த்திருந்தால் என் கவிதை மரண அறிவித்தல் பக்கத்தில் வந்திருக்கும். பிறகு அந்த ஆயிரம் புழுக்கள் ஞாபகம் வந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. எங்கேயோ இலை தின்றுகொண்டு சந்தோசமாக இருந்திருக்கின்றன. நான்தான் வீணாக அழுதிருக்கிறேன்.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்..." என்று தொடங்கினேன். வதனியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பத்துப் பெண்களின் முன்னால் ஒருத்தியின் கூறையை எரித்து, அது கூறையே அல்ல என்றும் நிரூபித்திருக்கிறேன்.

அவள் எழுந்து வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். என் கையிலிருந்த துவக்கை வாங்கி நிறுத்தி மேசையில் வைத்தாள். பிறகு வேண்டாம் என்று சொன்ன அந்த முதல் மூலையை எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

அங்கே ஒரு சின்னச் சிவப்புப் பூ. ஐந்து இதழ், பெருவிரல் நகத்தளவு. தையல் அவ்வளவு நுணுக்கமாக இருந்ததால் சேலையோடு வந்ததென்றே யாரும் நினைப்பார்கள்.

"எங்கட முதல் தீபாவளிக்கு அயன் பண்ணினனான்" என்றாள், சபையைப் பார்த்து, கறிக்குப் பக்குவம் சொல்வதுபோல. "அயன்பெட்டியில இழுபட்டு ஒட்டிக்கொண்டு வந்திட்டுது. பட்டெண்டால் கருகும், ஒட்டாது. அப்பவே விளங்கிட்டுது. நூல் பிரியாமல் இருக்க ஓட்டையைச் சுத்திச் சிவப்பு நகப்பூச்சுப் பூசினன். அதுக்கு மேல பூவைத் தைச்சன்."

மண்டபம் ஒரு கணம் அவளைப் பார்த்தது. அடுத்த கணம் வெண்பலகையைப் பார்த்தது. சூடு. நிறம். தையல்.

"அப்போ வகுப்பை அக்காவே எடுத்திருக்கலாமே" என்றார் மேரி அக்கா.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் அண்டைக்குத்தான் கவிதைக்கு பிரேம் போட்டுக்கொண்டு வந்து, ஆணி அடிக்கிறதுக்குச் சுத்தியல் கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் கீழே ரியூசன் வகுப்பு நின்றுபோனது. பத்துப் பேரும் மேசையைச் சுற்றி அந்தப் பூவை மாறி மாறித் தடவினார்கள். கெமிஸ்ட்ரி ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் வெளிச்சத்தை மறைக்கிறேன் என்று யாரோ என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

வதனி நான் சுட்ட மூலையைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சுருங்கிய சிவப்பில் சரிகைக் கோடு மட்டும் உருகாமல் நெளிந்து கிடந்தது. ஓட்டைக்குப் பின்னால் கடல். நெடுநேரம் பார்த்தாள்.

"ஆனா, இது நல்லாயிருக்கு" என்றாள்.

நான் கேட்டுக்கொண்டிருந்த சொல் அப்படித்தான் வந்தது. இன்றுவரை இரண்டாம் தரம் வரவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அந்த மாடியில் நடப்பது வதனி அக்காவின் வகுப்பு. பதினெட்டுப் பேர் வருகிறார்கள். நான் வயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன், யன்னல்களைத் திறக்கிறேன், துணியைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. சுருங்கிய மூலையை வெட்டி, சுற்றிவரத் தைத்து, அதே பிரேமுக்குள் வைத்திருக்கிறாள். அது என் கவிதையின் கடைசிப் பந்தியை, அதாவது புழுக்கள் சொர்க்கம் போகிற இடத்தை, முழுதாக மறைக்கிறது. கவிதைக்கு அது நல்லதென்று வாசித்த எல்லோரும் சொல்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது அசல் என்று சொன்னால் உடனே ஒருவர், "அயன்பெட்டியைச் சூடாக்கு" என்பார். தேன், நெய், சேர்டிபிகேற், காதல், எதுவும் தப்பாது. போன மாதம் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா கால்மேல் கால் போட்டு, தங்கள் வீட்டுத் தளபாடம் ஒவ்வொன்றும் அசல் தேக்கு என்று ஒரு மணித்தியாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மகளின் குரல் கேட்டது.

"அம்மா, அயன்பெட்டியைச் சூடாக்கவோ?"

வதனி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பக்கத்தில் இருந்த என் அக்காவுக்குப் புரையேறியது. நான் பிரேமைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சித்தப்பா மட்டும் குனிந்து, தன்னுடைய சேர்ட் எங்கே கசங்கியிருக்கிறது என்று தேடினார்.